ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் வீட்டில் பதின்மூன்று மாத இடைவெளியில் இரண்டு பேர் ஓய்வு பெற்றார்கள். அப்பா 2024 மே 31, அம்மா 2025 ஜூன் 30. அப்பா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஆசிரியர், 36 வருடம். அம்மா கிராம சுகாதார செவிலியர், 35 வருடம். கூட்டினால் 71. இரண்டு பேரும் வேலை பார்த்த எல்லா ஊர்களும் கீழ்வேளூரைச் சுற்றிச் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள் அடங்கிவிடும்.

இந்த 71 வருடத்துக்கு அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதுதான் கொஞ்ச காலமாக என் யோசனை. நன்றி சொல்லிப் பழகாத வீடு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டேதான் இருப்போம். கண் விழித்ததும், சாப்பிடும் முன், கடைசி பஸ் கிடைத்ததும், தம்பிக்குக் காய்ச்சல் இறங்கியதும். ராத்திரி எட்டரை மணி குடும்ப ஜெபத்தில் அன்றைய பாக்கியெல்லாம் சேர்த்து மொத்தமாக ஒருமுறை. ஆனால் எல்லாமே மேலே போகிற நன்றி. ஸ்தோத்திரம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே ஒரு முகவரிதான். நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க அப்பா நாலரை மணிக்கு எழுந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். மார்க் வந்ததும் நன்றி கர்த்தருக்குப் போனது. அப்பாவே முழங்கால் போட்டு அதை அனுப்பி வைத்தார்.

நான் சபைக்குப் போவதை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேலாகிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றிச் சண்டை எதுவும் இல்லை. ஆனால் இதனால் ஒரு சிக்கல். நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இந்த இரண்டு பேர்தான். இவர்களோ தபால்காரர் மாதிரி, கையில் கொடுத்தால் வாங்கி மேல் விலாசத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

*

கீழ்வேளூர், கிறிஸ்தவர் என்றதும் வெளியூர் நண்பர்கள் வேளாங்கண்ணியை நினைப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு நாங்களும் மோர் கொடுத்திருக்கிறோம். ஆனால் நாங்கள் மாதா கோயில்காரர்கள் இல்லை. லுத்தரன். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்கு வழி வந்த சபை. அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. எங்கள் குடும்பத்தில் அதை எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் என் அப்பா, 1970 வாக்கில். புத்தகம் தரங்கம்பாடியிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்து சேர 255 வருடம் ஆகியிருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருவது தேவலை.

தாத்தா பண்ணையாள். ஞானஸ்நானம் பெற்றவர், செங்கொடிச் சங்கத்திலும் இருந்தவர். எங்கள் பகுதியில் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட குடும்பங்கள். வழக்கில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. தமிழ் வாசிக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த வரலாறு. எங்கள் வீட்டில் இது கிறிஸ்துமஸின் இன்னொரு பாதி. காலையில் ஆராதனை, பிரியாணி. மத்தியானத்துக்கு மேல் தாத்தா வெண்மணிக்கு நடந்து போவார். தாத்தாவுக்குப் பிறகு அப்பா சைக்கிளில். நட்சத்திரம் கட்டின வீட்டிலிருந்து நினைவுத் தூணுக்கு.

அப்பாவுக்கு அப்போது நாலு வயது. அடுத்த ஜூனிலேயே தாத்தா அவரைத் தரங்கம்பாடியில் ஒரு மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். பண்ணையில் மாடு மேய்க்கக் கேட்பதற்குள் பிள்ளையை ஊரிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. போர்டிங்கில் கோதுமை உப்புமாவும் பால் பவுடர் கரைத்த பாலும். இன்றைக்கும் அப்பா கோதுமை ரவை வாசனை வந்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். ஆனால் அங்கேதான் படித்தார். 1984-இல் ஆசிரியர் பயிற்சி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் சீனியாரிட்டிக்கு நாலு வருடம் காத்திருந்தார். பகலில் நடவு வயலில் நாற்றுக்கட்டு சுமப்பார். ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம். 1988-இல் ஆர்டர் வந்தது.

அந்த ஆர்டர் வந்த வகையையும் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தார்கள். எங்கள் கீழ்வேளூர் சட்டமன்றத் தொகுதி 2011 தேர்தலிலிருந்து தனித்தொகுதி. அப்பா அதில் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. ஆனால் வாடகைக்கு வீடு தேடிப் போனால் சட்டம் வேறு மாதிரி. "கிறிஸ்டியன்னா... எந்தக் கிறிஸ்டியன் சார்?" என்று கேட்பார்கள். அப்பா சிரித்துக்கொண்டே தெருவின் பெயரைச் சொல்வார். வீடு இல்லை என்பார்கள். முதல் போஸ்டிங்கில் ஆறு மாதம் பள்ளிக்கூடத்து அலமாரிக்குப் பின்னால் பாய் போட்டுத்தான் படுத்திருந்தார்.

எல்லாமே ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். எட்டு மணிக்கே ஊருக்குள் போய் வீடு வீடாக நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார். நாற்றுப் பறிப்பு, நடவு, அறுவடை என்றால் பிள்ளைகள் வயல் வரப்பில் இருப்பார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயும் போவார். மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்டு, தலை கலைந்திருந்தால் பின்னிவிட்டு வகுப்புக்குள் அனுப்புவார். எனக்கும் அவர்தான் பத்து வயதுவரை தலை பின்னினார். அவ்வளவு இறுக்கமாகப் பின்னுவார், சாயங்காலம் பிரிக்கும்போது புருவம் கீழே இறங்கும்.

2021-இல் அரசாங்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றும் 'இல்லம் தேடிக் கல்வி' என்றும் அடுத்தடுத்து இரண்டு திட்டம் கொண்டுவந்தது. செய்தியைப் படித்துவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்து, "நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஸ்கீம் ஆக்கிட்டாங்க" என்றார்.

*

அம்மா பத்தாவது முடித்து, ஒன்றரை வருடம் பயிற்சி எடுத்து, 1990-இல் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு துணை சுகாதார நிலையம், சுற்றிலும் சுமார் 5,000 பேர். ஊருக்குள் அவளுக்குப் பெயரே கிடையாது, நர்சம்மா. முதலில் சைக்கிள், பிறகு டி.வி.எஸ். 50, கடைசியில் ஸ்கூட்டி. கேரியரில் தடுப்பூசிப் பெட்டி, உள்ளே நாலு ஐஸ் பேக். புதன்கிழமை என்றால் தடுப்பூசி. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்தபடி பரிசுத்தமான நாள் அது. கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் புதன்கிழமை மத்தியானம்வரை அம்மா வரமாட்டாள்.

நான் பிறந்த காலத்தில் இங்கே வீட்டுப் பிரசவம் சாதாரணம். நடுராத்திரி வாசலில் யாராவது நிற்பார்கள். "நர்சம்மா, வலி எடுத்துடுச்சு." அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மழைக்காலத்தில் வாய்க்காலுக்கு மேல் மூங்கில் பாலத்தில், கையில் பை, தலையில் உரச் சாக்கு. அப்பா லைட்டைப் போட்டுவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவள் வரும்வரை தூங்கமாட்டார். வந்ததும் ஒரே கேள்வி: "ரெண்டு உசுரும் நல்லாருக்கா?" 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அந்த 99 தானாக வந்ததில்லை. பயந்துகொண்டு வர மறுக்கிற மாமியாரிடம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிய ஒருத்தி ஒவ்வொரு ஊரிலும் இருந்திருக்கிறாள்.

மொத்தம் எத்தனை பிரசவம் பார்த்திருப்பாய் என்று ஒருமுறை கேட்டேன். "எண்ணப்படாது. தாவீது ராஜா ஜனங்கள எண்ணுனதுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" என்றாள். ரிஜிஸ்டரில் மட்டும் எண்ணினாள். பத்துப் பன்னிரண்டு ரிஜிஸ்டர். ஐம்பது வயதுக்கு மேல் எல்லாம் போனுக்கு மாறியது. கர்ப்பிணிகளின் பிக்மி எண்ணைப் பதிய ராத்திரி பத்து மணிக்கு எனக்குச் சென்னைக்கு வீடியோ கால் போடுவாள். சர்வர் வேலை செய்யாது. "ஆண்டவரே, இந்த சர்வரத் தொறந்து விடும்" என்று உண்மையாகவே ஜெபம் செய்வாள். நான் மென்பொருள் வேலை பார்ப்பவள், சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்படுவேன்.

தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவள் வெளியே போய் நான் பார்த்ததில்லை. சில தெருக்களில் ஊசி போட உள்ளே கூப்பிடுவார்கள், பிள்ளையை மடியில் கொடுப்பார்கள். தாகமாக இருக்கிறது என்றால் எவர்சில்வர் தம்ளர்கள் அடுக்கியிருக்கிற வீட்டில் பிளாஸ்டிக் தம்ளரைத் தேடுவார்கள். அதனால் 35 வருடம் தண்ணீர் கொண்டு போனாள். அந்த வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் ஒரு டோஸும் தவறவிட்டதில்லை. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தபோது டி.வி.க்கு முன்னால் முழங்கால் போட்டாள்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயிலில் இருந்தோம். ஆராதனை பாதியில் யாரோ வந்து போதகரின் காதில் சொன்னார்கள். கடல் எங்களுக்குக் கிழக்கே கொஞ்ச தூரம்தான். மத்தியானத்துக்குள் ஜீப் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது. தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் செத்தது எங்கள் நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஆறாயிரத்துக்கும் மேல். பிறகு முகாம்களில் பிளீச்சிங் பவுடர், குளோரின், தட்டம்மை ஊசி, வைட்டமின் சொட்டு. அவ்வளவு சாவுக்குப் பின்னாலும் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. பரவாத நோய்க்கு யாரும் பாராட்டு விழா நடத்துவதில்லை. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட முறுக்கு, அதிரசம் எல்லாவற்றையும் அப்பா டின்னோடு முகாமுக்குக் கொண்டுபோனார்.

பதினோரு நாள் கழித்து அம்மா வந்தாள். குளித்தாள், சாப்பிட்டாள். அன்றைய குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அப்பா "ஆமென்" என்று முடித்துவைத்தார். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஸ்தோத்திரம் இல்லாமல் முடிந்த ஜெபம் அது ஒன்றுதான்.

*

வீட்டில் கணக்கு நோட்டு ஒன்று உண்டு. எல்.ஐ.சி. டைரிகளில் வருடாவருடம் அம்மா எழுதியது. ஒவ்வொரு மாதமும் முதல் வரி தசமபாகம். பிறகு அப்பாவின் சொசைட்டி கடன், சீட்டு, மளிகை, பால், அத்தைக்குப் பணம், எங்கள் ஃபீஸ். தசமபாகம் கைக்கு வந்த பணத்தில் கணக்கிடுவதில்லை. பிடித்தம் போவதற்கு முந்தின மொத்தச் சம்பளத்தில் பத்தில் ஒன்று, அம்மாவின் சட்டம். பாதி சபைக்குப் போகும். மீதியும் கர்த்தருடைய பணம்தான், ஆனால் தெருவில் யார் பிள்ளைக்காவது பரீட்சை ஃபீஸாகவோ ஆஸ்பத்திரிச் செலவாகவோ போகும். எதற்கும் பெயர் எழுதியிருக்காது. தொகை மட்டும் இருக்கும்.

போன வருடம் அந்த டைரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். 71 வருடத்தில் பத்தில் ஒன்று ஏழு வருடத்துக்கு மேல். ஏழு வருடம் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்ததற்குச் சமம். இதை அம்மாவிடம் சொன்னேன். "பாக்கி அறுபத்து நாலு வருசத்துக்கு வாங்கித் தின்னுருக்கமே" என்றாள்.

அப்பா ஓய்வு பெற்ற அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு இது ஒரு விசித்திரம். வயது முடிந்தாலும் கல்வியாண்டு முடியும் வரை இருப்பார்கள், மே 31 அன்று பூட்டிய பள்ளியிலிருந்து வெளியேறுவார்கள். ஜூனில் பிள்ளைகள் வரும்போது சார் இருக்கமாட்டார். அன்று ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வயலில் தவளைச் சத்தம். "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று ஆரம்பித்தார். என் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"கிருபை கிருபைன்னா, நீங்க ஒழைச்சதெல்லாம் எங்கப்பா போச்சு? நாலு வருசம் நாத்துக்கட்டு தூக்கினது, அலமாரிக்குப் பின்னாடி படுத்தது. அத யாரு கணக்குல எழுதுறது?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒழைப்புன்னு நான் சொல்லிக்கிட்டன்னு வச்சுக்க. அப்ப எங்கப்பா ஒழைக்கலியா? என்னைவிட பத்து மடங்கு ஒழைச்சாரு. அவருக்கு என்ன கெடைச்சுது? என் வயசுக்காரன் எட்டுப் பேரு இந்தத் தெருவுல. எட்டுப் பேரும் பண்ணைக்குப் போனான். அவனுங்க சோம்பேறியா? ஒழைப்புக்குக் கூலின்னா எல்லாருக்கும் சேந்துல்ல வந்திருக்கணும்? வெண்மணில செத்தவங்க ஒழைச்ச ஒழைப்புக்கு அரைப்படி நெல்லு கேட்டாங்க, கெடைச்சுதா?" என்றார்.

பிறகு பள்ளியில் அவரோடு வேலை பார்த்த இளைய ஆசிரியரைப் பற்றிச் சொன்னார். "அந்தத் தம்பி என்னைவிட நல்லா பாடம் நடத்துவான். 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேந்தான், அதனால அவனுக்கு எனக்கு இருக்கிற பென்சன் இல்ல. நான் முன்னாடி பொறந்தது என் சாமர்த்தியமா? அதான் கிருபைங்கிறேன். வேற என்ன வார்த்த இருக்கு, நீ சொல்லு."

அம்மா குறுக்கே வந்தாள். "சுனாமி அன்னைக்கு வேளாங்கண்ணிக்கு ஜெபம் பண்ண வந்தவங்கள்லாம் போயிட்டாங்க. நாமளும் அதே நேரம் கோயில்லதான் உக்காந்திருந்தோம். நாம என்ன அவங்களவிட ஒசத்தியா?"

இந்தப் பதில் எனக்கு முழுக்க ஒத்துவரவில்லை. அப்பா கிருபை என்று சொல்கிற இடத்தில் நான் வேறு சொற்களை வைப்பேன். பயந்துபோன ஒரு தகப்பனின் முடிவு, மிஷன் போர்டிங், அரைப்படிக்காக நின்ற சங்கம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு, பட்டியலில் ஓர் இடம், பழைய பென்சன். இவற்றைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். அவர்களுக்குப் பெயர் உண்டு. மறுத்தவர்களுக்கும் பெயர் உண்டு. அதைக் கிருபை என்றால் மறுத்தவன் தப்பித்துவிடுகிறான்.

ஆனால் 'நான் உழைத்தேன், முன்னேறினேன்' என்று மேடையில் பேசுகிறவர்களை இப்போது எங்கேயும் பார்க்கிறோம். அவர்கள் பேச்சில் உழைத்தும் முன்னேறாதவன் குற்றவாளி ஆகிவிடுகிறான். அப்பா அந்த வாக்கியத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. 71 வருடம் உழைத்த இரண்டு பேர், அந்த உழைப்பைத் தங்கள் தகுதிக்குச் சான்றாகக் காட்ட மறுக்கிறார்கள். கூட உழைத்துக் கிடைக்காமல் போனவர்களின் முன்னால் அப்படிக் காட்டுவது அவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது. கிருபை என்ற சொல்லுக்குள் அப்பா அந்த எட்டுப் பேருக்கும் இடம் வைத்திருக்கிறார். நான் அவர்களுக்குக் கடன்பட்டிருப்பது படிப்புக்கும் சோற்றுக்கும் மட்டும் இல்லை, இந்த வெட்கத்துக்கும்தான்.

*

அம்மா ஓய்வு பெற்ற அடுத்த ஞாயிறு நானும் கோயிலுக்குப் போனேன். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் பெயர், காரணம், தொகை என்று மூன்று கோடு இருக்கும். போதகர் அதைச் சபை முன்னால் வாசிப்பார். காணிக்கை மேலே போகும், ஆனால் காரணத்தைக் கீழே இருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு அது போதும். முதல் நாள் ராத்திரி கவரை எடுத்து, காரணம் என்ற கோட்டில் 'என் அப்பா அம்மா 71 வருடம் உழைத்ததற்காக' என்று எழுதினேன்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். "இப்புடியா எழுதுவாங்க? வேலை பாக்க பெலன் தந்ததற்காகன்னு எழுது."

"அது நீங்க குடுக்குற கவர்ல எழுதுங்க. இது என் கவரு."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பேனாவைக் கேட்டார். என் வரிக்குக் கீழே, வாத்தியார் கையெழுத்தில், 'கூட உழைத்தவர்களுக்காகவும்' என்று சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

போதகர் அதை அப்படியே வாசித்தார். எங்களுக்கு முந்தின கவர் பசு கன்று ஈன்றதற்காக. பிந்தினது ஒரு பையன் அரியர் பேப்பர் தேறியதற்காக. அம்மா தலையைக் குனிந்தபடி பைபிளின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். மூன்று மாதக் கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள். "நர்சம்மா இருக்காங்களா?" இனிமேல் புது நர்ஸ்தான் போடுவாங்க, சென்டருக்குப் போ என்று அம்மா வழி சொன்னாள். அந்தப் பெண் நகரவில்லை. புது நர்ஸைத் தனக்குத் தெரியாது என்றாள்.

"செத்த இரு, நானும் வர்றேன்." அம்மா உள்ளே போய்க் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.